ஹோஸ் பம்பில் ஹோஸ் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோஸ் பம்ப், அதாவது பெரிஸ்டால்டிக் பம்ப் ஓடும் இடங்களில் ஃபிட்டர்களும் ஷிப்ட் ஆட்களும் ஸ்டோர்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உங்கள் பம்பின் கையேட்டுக்கு இது மாற்று இல்லை. இறுக்கும் விசை, ஷிம் (ஹோஸ் எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தகடு) எண்ணிக்கை, உள்ளே ஊற்றும் லூப்ரிகண்ட் (வழுக்குத் திரவம்) அளவு மூன்றையும் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எந்த வகை பம்பைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆய்வகத்தில் விரல் மொத்தத்துக்கு ஒரு மெல்லிய டியூப் வைத்து ஓடுமே, அது இல்லை. கை மொத்தத்துக்கு, உள்ளே நூல் அடுக்குகள் வைத்துக் கட்டிய ரப்பர் ஹோஸ், வளைந்த இரும்பு உடலுக்குள் லாட வடிவில் உட்கார்ந்திருக்கும். நடுவில் ரோட்டர். அதன் இரு முனைகளிலும் ஷூ என்ற வழவழப்பான அழுத்துக் கட்டை, சிலவற்றில் ரோலர். ரோட்டர் சுற்றும்போது ஷூ ஹோஸை நசுக்கிக்கொண்டே போகும், உள்ளே இருப்பது முன்னால் தள்ளப்படும். நசுங்கிய இடம் மறுபடி உருண்டையாக விரியும்போது பின்னாலிருந்து அடுத்த சரக்கு உள்ளே வரும். நம் குடல் உணவைத் தள்ளுவதும் இப்படித்தான். சரக்கு தொடுவது ஹோஸின் உட்புறத்தை மட்டும்தான், அதனால்தான் ஸ்லரி (திடத் துகள் கலந்த கெட்டிக் கரைசல்), சகதி, ஆசிட் எல்லாவற்றுக்கும் இதை வைக்கிறார்கள். தேய்மானம் முழுக்க ஹோஸின் தலையில் விழுவதும் அதனால்தான்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

மாதக் கணக்கு உதவாது. ஹோஸுக்குத் தெரிவது எத்தனை முறை நசுங்கினோம் என்பது ஒன்றுதான். இரண்டு ஷூ உள்ள பம்ப் நிமிடத்துக்கு 30 சுற்று ஓடினால், நிமிடத்துக்கு 60 நசுக்கல். ஒரு நாள் நிற்காமல் ஓடினால் 86,400. அதே பம்ப் 20 சுற்றில் ஓடினால் நாளுக்கு 57,600. ஆகவே "போன ஹோஸ் ஆறு மாதம் வந்தது, இது நாலு மாதத்தில் போய்விட்டது" என்று யாராவது சொன்னால், நடுவில் வேகத்தைக் கூட்டினார்களா என்பதுதான் என் முதல் கேள்வி.

ஒவ்வொரு ஹோஸும் எத்தனை மணி நேரம், எந்த வேகத்தில் ஓடியது என்று எழுதி வையுங்கள். மூன்று ஹோஸ் முடிந்ததும் உங்கள் பம்பின் கணக்கு உங்களுக்கே பிடிபடும். அதில் முக்கால் பங்கு வந்ததும் அடுத்த ஷட்டவுனில் மாற்றிவிடலாம்.

வெடிக்கும் வரை ஓட்டினால் என்ன?

ஹோஸ் விலையை மட்டும் பார்த்தால் லாபம்தான். ஆனால் வெடித்ததும் சரக்கு பம்பின் உடல் முழுக்க நிரம்பும். லூப்ரிகண்ட் வீண். ஷாஃப்ட் சீல் வழியாக பேரிங்குக்கும் போகலாம். ஸ்லரியாக இருந்தால் உள்ளே இறுகிக் கல்லாகிவிடும். நிதானமாக இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை, உளி வைத்துச் சுரண்டுகிற வேலையாக மாறும். ஆசிட் என்றால் அதைவிட மோசம்: உடல், ரோட்டர், போல்ட் எல்லாவற்றையும் அரிக்கும். வெறும் தண்ணீர் ஓட்டுகிறவர் வேண்டுமானால் துணியலாம். மற்றவர்கள் வேண்டாம்.

வெடிப்பதற்கு முன்னால் அறிகுறி தெரியுமா?

பெரும்பாலும் தெரியும், பார்க்கிறவர் இருந்தால். பம்ப் உடலில் உள்ள ஜன்னல் கண்ணாடியில் லூப்ரிகண்டின் நிறம் மாறும், மட்டம் ஏறும், காற்றுத் துளை வழியாகச் சொட்டும். ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்ததற்கு அது அடையாளம். இன்னொன்று, அதே வேகத்தில் சரக்கு வரத்து மெல்ல மெல்லக் குறையும். மட்டம் ஏறினால் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச் பல பம்புகளில் உண்டு. வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன், "சும்மா சும்மா ட்ரிப் ஆகிறது" என்று. அது சும்மா ட்ரிப் ஆகியிருக்காது.

புதிய ஹோஸ் எந்த ரப்பரில் வாங்குவது?

உள்ளே ஓடும் சரக்குதான் முடிவு செய்யும். மணல் கலந்த ஸ்லரி, உரசும் சரக்கு என்றால் இயற்கை ரப்பருக்கு ஈடில்லை. எண்ணெய், கொழுப்பு இருந்தால் நைட்ரைல். காரம், சூடான நீர் போன்றவற்றுக்கு ஈ.பி.டி.எம்., ஆனால் அதில் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஹைப்போகுளோரைட் போல ஆக்சிஜனேற்றும் திரவங்களுக்கு சி.எஸ்.எம். என்ற ரகம்.

பல ஹோஸ்களில் உள் அடுக்கு மட்டும்தான் வேறு, வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. மேலே அச்சடித்த எழுத்தையும் நிறக் கோட்டையும் படிக்காமல் மாட்டாதீர்கள். அப்புறம், வெளி அளவு ஒத்துவருகிறதே என்று சாதாரண ரப்பர் ஹோஸை வெட்டி மாட்டும் யோசனையும் அவ்வப்போது வரும். பம்ப் ஹோஸின் வெளிப்புறத்தைக் கடைந்து சரியான தடிப்புக்குக் கொண்டுவந்திருப்பார்கள். ஒரு பக்கம் மொத்தம், ஒரு பக்கம் மெல்லிசு என்று இருக்கும் ஹோஸ் ஒரு சுற்றில் கசியும், அடுத்த சுற்றில் பிதுங்கும்.

ஸ்டோரில் மூன்று ஆண்டு கிடந்த ஹோஸை மாட்டலாமா?

நான் மாட்ட மாட்டேன். ரப்பர் சும்மா கிடந்தாலும் வயதாகும். தயாரித்த நாளிலிருந்து சுமார் 2 ஆண்டுக்குள் பயன்படுத்தச் சொல்வதுதான் பொதுவான வழக்கம், அதுவும் குளிர்ச்சியான, இருட்டான இடத்தில் வைத்திருந்தால். ஆணியில் தொங்கவிடக் கூடாது, மடித்து வைக்கக் கூடாது. வெல்டிங் நடக்கும் இடத்துக்கும் ஓடும் மோட்டார்களுக்கும் பக்கத்தில் ஓசோன் உண்டாகும், அது ரப்பரில் வெடிப்புக் கீறல்களை உண்டாக்கும். கையால் வளைத்துப் பாருங்கள். மேல்புறத்தில் தலைமுடி போலக் கீறல்கள் விரிந்தால் அதன் காலம் முடிந்தது.

லூப்ரிகண்டுக்குப் பதில் கிரீஸ் போடலாமா?

கூடாது. கிரீஸும் மினரல் ஆயிலும் இயற்கை ரப்பரை ஊத வைக்கும். வழக்கமாக ஊற்றுவது கிளிசரின் அடிப்படையிலான லூப்ரிகண்ட். அது உராய்வைக் குறைப்பதோடு, நசுங்கும்போது பிறக்கும் சூட்டையும் உடலுக்குக் கடத்துகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடர் நைட்ரிக் ஆசிட், பெர்மாங்கனேட் போன்ற வலுவான ஆக்சிஜனேற்றிகளை ஓட்டும் பம்பில் கிளிசரின் இருக்கவே கூடாது. ஹோஸ் உடைந்து இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூளில் கிளிசரின் விட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும் என்பது பள்ளிக்கூடத்தில் செய்து காட்டும் சோதனை. அந்த இடங்களுக்கு சிலிக்கோன் லூப்ரிகண்ட். ஆனால் பெயிண்ட் ஆலையில் சிலிக்கோன் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். ஒரு துளி கலந்தாலும் பூச்சில் குழி குழியாக விழும்.

கழற்றத் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

மோட்டாரின் பிரேக்கரை இறக்கி, பூட்டுப் போட்டு, உங்கள் பெயர் எழுதிய டேக் மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சக்ஷன் (சரக்கு உள்ளே வரும் பக்கம்), டெலிவரி (வெளியே போகும் பக்கம்) வால்வு இரண்டையும் மூடுங்கள். பிறகு இரண்டு பக்கமும் டிரெயின் திறந்து அழுத்தத்தை விடுங்கள்.

இந்தக் கடைசி வரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த பம்ப் நின்றாலும் ஏதாவது ஒரு ஷூ ஹோஸை நசுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் டெலிவரி பக்க அழுத்தம் தானாக இறங்காது. மணிக்கணக்கில் அப்படியே நிற்கும்.

என் கதையைச் சொல்கிறேன். சுண்ணாம்புக் கரைசல் ஓடும் பம்ப் அது. அழுத்தம் காட்டும் கேஜ் பூஜ்யம் காட்டியது. நம்பி டெலிவரி பிளாஞ்ச் (குழாயைப் பம்போடு இணைக்கும் வட்டத் தகடு) போல்ட்டைத் தளர்த்தினேன். மூன்றாவது போல்ட்டில் கேஸ்கெட் ஓரமாக விசிறி போல வெள்ளையாகப் பீய்ச்சி அடித்தது, நெஞ்சிலிருந்து முகம் வரை. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. பிறகு கேஜைக் கழற்றிப் பார்த்தால் அதன் துளை சுண்ணாம்பால் அடைத்துக் கெட்டியாகியிருந்தது. பூஜ்யம் காட்டியது அழுத்தத்தை இல்லை, அடைப்பை. அன்றிலிருந்து கேஜை நம்புவதில்லை, டிரெயினிலிருந்து சொட்டு நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பானர் எடுப்பேன். பிளாஞ்சையும் எனக்கு எதிர்ப்பக்கம் உள்ள போல்ட்டிலிருந்து தளர்த்துவேன், பீய்ச்சினால் அந்தப் பக்கம் போகட்டும்.

முடிந்தால் முதலில் தண்ணீர் ஓட்டி லைனைக் கழுவிவிட்டு நிறுத்துங்கள். பாதி வேலை அதிலேயே மிச்சம்.

பழைய ஹோஸை எப்படி வெளியே எடுப்பது? இழுத்தால் வரவில்லையே.

இழுக்க வேண்டாம், ரோட்டரே தள்ளிவிடும். அடியில் உள்ள பிளக்கைத் திறந்து லூப்ரிகண்டைச் சட்டியில் இறக்குங்கள். இரண்டு பக்க பிளாஞ்ச், கிளாம்ப், பிராக்கெட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஹோஸின் இரு முனையும் வெறுமையாக நிற்க வேண்டும். இப்போது முன் கவர் மூடியிருக்கும் நிலையிலேயே பூட்டை எடுத்து, மோட்டாரைக் குறைந்த வேகத்தில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஷூ ஹோஸைப் பிடித்துத் தள்ளத் தள்ள ஒரு முனை வெளியே வரும், மறுமுனை உள்ளே போகும். வெளியே வரும் முனையை ஒருவர் தாங்கிப் பிடித்தால் போதும். கனமாக இருக்கும், வழுக்கும், உள்ளே மிச்சமிருக்கும் சரக்கு கொட்டும். கீழே சட்டி வையுங்கள்.

பட்டனை அழுத்துகிறவரும் ஹோஸைப் பிடிக்கிறவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி நிற்க வேண்டும். ஹோஸ் வந்ததும் மறுபடி பிரேக்கர், மறுபடி பூட்டு. அதற்குப் பிறகுதான் உள்ளே கை. கவர் திறந்திருக்கும்போது மோட்டார் ஓடக் கூடாது. அந்த ஷூவுக்கு ஹோஸும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான்.

உள்ளே என்னென்ன பார்க்க வேண்டும்?

துடைத்துவிட்டு ஷூவின் முகத்தை விரலால் தடவுங்கள். வழவழவென்று இருக்க வேண்டும். கீறல், அரிப்புக் குழி, முனையில் பிசிறு எது இருந்தாலும் புது ஹோஸை அது அறுத்துக்கொண்டே இருக்கும். உடலின் உள்வளைவையும் அப்படியே தடவிப் பாருங்கள். ரோட்டரைக் கையால் ஆட்டி பேரிங்கில் தள்ளாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஷாஃப்ட் சீல் பக்கம் கியர்பாக்ஸ் எண்ணெய் வழிந்திருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், அந்த எண்ணெயும் ரப்பருக்கு எதிரிதான்.

ஷிம் என்றால் என்ன? எத்தனை போட வேண்டும்?

ஷூவுக்கும் ரோட்டருக்கும் நடுவில் செருகும் மெல்லிய தகடு. எத்தனை தகடு இருக்கிறதோ, ஷூ அவ்வளவு வெளியே தள்ளி நிற்கும், ஹோஸ் அவ்வளவு அதிகம் நசுங்கும். ஹோஸின் ஆயுளை வேறு எதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது இந்தத் தகடுதான். ஆனால் பத்தில் எட்டுப் பேர், முன்பு எத்தனை இருந்ததோ அத்தனையே போட்டு மூடிவிடுகிறார்கள்.

டெலிவரி அழுத்தம் கூடினால் ஷிம் கூட வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு பின்னால் நழுவும். வேகமும் சூடும் கூடினால் ஷிம் குறைய வேண்டும், இல்லாவிட்டால் ஹோஸ் வெந்துபோகும். அழுத்தத்தையும் வேகத்தையும் வைத்து எத்தனை என்று கையேட்டில் அட்டவணை இருக்கும். அதில் பார்க்க வேண்டியது உங்கள் பம்ப் இன்று ஓடும் அழுத்தம், பெயர்ப் பலகையில் பொறித்த உச்ச அழுத்தம் இல்லை. முன்பு 6 பாரில் ஓடிய லைனைப் பெரிய குழாயாக மாற்றி இப்போது 2 பாரில் ஓட்டினால், பழைய எண்ணிக்கை வீண் சுமை.

அதிகமாகப் போட்டால் மோட்டார் ஆம்பியர் ஏறும், உடல் சுடும், ஹோஸின் மடிப்பு ஓரங்கள் சீக்கிரம் பிளக்கும். குறைவாகப் போட்டாலும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். சரியாக மூடாத இடுக்கு வழியாகச் சரக்கு அழுத்தத்தோடு பின்னால் பாயும், அதில் மணல் இருந்தால் உட்புறத்தை அரித்துத் தள்ளிவிடும். டெலிவரி வால்வைக் கொஞ்சம் குறுக்கி, கேஜ் கையேட்டின் உச்ச அளவைத் தாண்டாமல் அழுத்தத்தைச் சற்று ஏற்றிப் பாருங்கள். வரத்து உடனே விழுந்தால் நசுக்கல் போதவில்லை.

இரண்டு ஷூவுக்கும் ஒரே எண்ணிக்கை. மாற்றும்போது ஹோஸ் இல்லாத பக்கம் அந்த ஷூ வரும்படி ரோட்டரைத் திருப்பி நிறுத்திவிட்டு, பூட்டுப் போட்டு, போல்ட்டைத் தளர்த்தித் தகட்டைச் செருகுங்கள்.

புதிய ஹோஸை எப்படி ஏற்றுவது?

எடுத்ததற்கு நேர் எதிர். முதலில் உள்ளே எட்டிப் பாருங்கள், பேக்கிங் துண்டு ஏதாவது இருக்கும். வெளிப்புறம் முழுக்க அதே லூப்ரிகண்டைத் தாராளமாகத் தடவுங்கள். தடவும் முன் ஹோஸின் மேல் அச்சடித்த பேட்ச் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அழிந்துவிடும். ஒரு வாய்க்குள் முனையைச் செருகி, ரோட்டர் உள்ளே இழுக்கும் திசையில் விட்டு விட்டு ஓட்டினால் தானாகப் போகும். போகும்போது அச்சு எழுத்து வரியைக் கவனியுங்கள். அது சுருண்டு சுருண்டு போனால் ஹோஸ் முறுக்கிக்கொள்கிறது. பின்னால் எடுத்து மறுபடி விடுங்கள்.

மறுமுனை எதிர் வாயில் சரியான அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். முதலில் ஒரு பக்க பிளாஞ்சை மட்டும் மாட்டுங்கள். பிறகு ரோட்டரைச் சற்றே ஓட்டி, ஹோஸ் அந்த பிளாஞ்சில் போய் இறுக முட்டும்படி செய்துவிட்டு அந்த கிளாம்பை இறுக்குங்கள். அப்புறம் அடுத்த பக்கம். ஹோஸ் நீளமாகத் தெரிகிறது என்று முனையை வெட்டாதீர்கள், ரோட்டரை ஓட்டி இடத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் பொருந்திவிடும்.

கிளாம்பை எவ்வளவு இறுக்க வேண்டும்?

கையேட்டில் உள்ள அளவுக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து. "இன்னும் ஒரு சுற்று" பழக்கம் ரப்பரை அறுக்கும்.

முதல் ஓட்டத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

லூப்ரிகண்டை ஜன்னலில் குறித்த மட்டம் வரை ஊற்றுங்கள். முழுக்க நிரப்பினால் காற்றுத் துளை வழியாகக் கக்கும். இரண்டு வால்வும் திறந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகு ஓட்டுங்கள். மூடிய டெலிவரி வால்வை இது மதிக்காது. ஏதாவது ஒன்று வெடிக்கும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உடலைத் தொட்டுச் சூடு பாருங்கள், ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். வாளி வைத்து ஒரு நிமிட வரத்தை அளந்து, கையேட்டில் ஒரு சுற்றுக்குப் போட்டிருக்கும் லிட்டரோடு ஒப்பிடுங்கள். இந்த எண்கள் புது ஹோஸின் ஜாதகம். பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட வேறு எதுவும் இருக்காது.

பழைய ஹோஸைக் குப்பையில் போடலாமா?

கழுவிவிட்டு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பார்த்த பிறகு போடுங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் அடுத்த ஹோஸ் எத்தனை நாள் வரும் என்பது அதில் எழுதியிருக்கும்.

எதிர் எதிர் ஓரங்களில் நீளமாக, ஒரே சீராக இரண்டு கோடு விழுந்திருந்தால் அது முழு வாழ்க்கை வாழ்ந்து முடித்த ஹோஸ். குறை சொல்ல ஒன்றுமில்லை. உட்புறம் பஞ்சு போல ஊதி, நகம் பட்டாலே உரிந்து வந்தால் ரப்பர் ரகம் தவறு. உள் அடுக்கு நூலிலிருந்து விட்டுக் கொப்புளமாக நின்றால் சக்ஷன் பக்கம் பாருங்கள், அடைப்போ சிறிய குழாயோ வெற்றிடத்தை உண்டாக்கி அடுக்கை உரித்திருக்கும், அல்லது சரக்கு அதிகச் சூடு. வெளிப்புறம் மட்டும் காய்ந்து, பளபளவென்று தேய்ந்திருந்தால் லூப்ரிகண்ட் இல்லாமல் ஓடியிருக்கிறது. டெலிவரி முனைக்கு அருகில் ஒரே இடத்தில் வாய் பிளந்திருந்தால் யாரோ வால்வை மூடியிருக்கிறார்கள், அல்லது லைன் அடைத்திருக்கிறது.

ஒருமுறை அடுத்தடுத்து மூன்று ஹோஸ் ஒரே மாதிரி கிழிந்தன. எல்லோரும் ஹோஸ் விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். மூன்றாவதைப் பிளந்தபோது உட்புறத்தில் ஒரே நீளத்துக்குக் கத்தியால் கீறியது போலச் சிறு சிறு வெட்டுகள். ஒரு வெட்டுக்குள் துருப்பிடித்த வெல்டிங் ராடு துண்டு, சுண்டு விரல் நகம் அளவு, ரப்பருக்குள் புதைந்து கிடந்தது. சக்ஷன் குழாயை மாற்றி வெல்டிங் செய்தவர்கள் உள்ளே தட்டிக் கழுவாமல் போயிருந்தார்கள். குழாயைத் திறந்தால் அதன் எல்போ வளைவில் இன்னும் ஒரு பிடி கிடந்தது.

மாற்றி ஒரே வாரத்தில் மறுபடி போய்விட்டது. ஹோஸ் டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனால் முதலில் மேலே சொன்னபடி பிளந்து பாருங்கள். அப்புறம் ஷிம் எண்ணிக்கை. அப்புறம் மோட்டார் சுற்றும் திசை. மின்வேலை ஏதாவது நடந்து மின் பேஸ் (phase) வரிசை மாறியிருந்தால் பம்ப் தலைகீழாக ஓடும், இது இரண்டு திசையிலும் ஓடக்கூடியது என்பதால் உடனே தெரியாது. சக்ஷனில், பின்னால் போவதைத் தடுக்கும் ஒருவழி வால்வு இருந்தால் அழுத்தம் போக வழியில்லாமல் ஹோஸ் பிளக்கும்.

பம்பை ஒரு மாதம் நிறுத்தி வைக்கப் போகிறோம். ஹோஸை என்ன செய்வது?

ஷூ நசுக்கிய நிலையிலேயே விட்டால் அந்த இடம் தட்டையாகவே நின்றுவிடும். கழுவி, வடித்து, ஷூக்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் வாரம் ஒருமுறை ரோட்டரைக் கால் சுற்று திருப்பி விடுங்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கவரில் சாக்பீஸால் ஒரு கோடும் போட்டு வையுங்கள். ஷூக்களைக் கழற்றினால் லைன் திறந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். இரண்டு பக்க வால்வும் மூடியிருக்க வேண்டும், ஷூ இல்லை என்று பேனலில் ஒரு டேக் தொங்க வேண்டும்.